பாதை வரும்வரை



திருச்சபை மருத்துவக் குழுவோடு தொண்டர்களாக நாங்கள் போனது மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரைக்கு. படுவான்கரை என்பார்கள். மண்டூரிலிருந்து களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கிட்டிய வழி, குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் பாதை. ஆட்களோடு வாகனத்தையும் ஏற்றும் மிதவையை அங்கே பாதை என்கிறார்கள். பிள்ளைநோவு கண்டவளும் அதற்குக் காத்திருக்கிறாள். கர்ப்பிணியைத் தோட்ட லொறியில் ஏற்றிய நமக்கு இது விளங்கும்.

நாங்கள் பிரஷர் பார்த்து, துண்டு எழுதிக் கொடுத்தோம். கொடுத்த குளிசை ஒரு மாதத்துக்கு, பிரஷரோ ஆயுளுக்கும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அவர் போனபிறகும் வைத்தியர்கள் இருந்தார்கள். அடுத்த பயணத்தில் ஊருக்கு இருவரைப் பிரஷர் பார்க்கப் பழக்கும்படி குழுவிடம் கேட்டிருக்கிறோம். நம் தோட்டங்களிலும் பழக விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.