ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடின வகுப்பு

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். "இலவசமா ஆன்லைன்ல எங்கே படிக்கலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லிங்க் கொடுத்துட்டுப் போறது சுலபம். அதுக்கு முன்னாடி நான் அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிடறேன்.

2022. டெஸ்டிங்ல இருந்து மெஷின் லேர்னிங் பக்கம் மாறணும்னு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். முதல் கேள்வியே, "ஐகன்வெக்டர்னா என்ன? பத்தாவது படிக்கிற பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க." எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். ஏன்னா எம்ஐடி பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கோட லீனியர் அல்ஜீப்ரா வகுப்பு முழுசும் நான் பார்த்தவன். முப்பத்திச் சொச்சம் வீடியோ, ஒண்ணு விடலை. வாயைத் திறந்தா, "ஏ மைனஸ் லாம்டா ஐ, டிடெர்மினன்ட் ஈக்வல் டு ஜீரோ"ன்னு வருது. "ஃபார்முலா தெரியுதுங்க, அது என்ன பண்ணுது?"ன்னு திரும்பக் கேட்டார். ஏசி ரூம்ல வேர்த்துப்போச்சு. பதினைஞ்சு நிமிஷத்துல நன்றி சொல்லி அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சா, அந்த வகுப்புகளை நான் எப்போ பார்த்தேன்? ராத்திரி தோசை சாப்பிடும்போது, ஒன்றரை மடங்கு வேகத்துல. அம்மா சீரியல் பார்ப்பாங்களே, அப்படி. சொல்லப்போனா அம்மாவுக்குப் போன வாரக் கதையாவது ஞாபகம் இருக்கும்.

இத்தனைக்கும் அது எப்பேர்ப்பட்ட வகுப்பு! எம்ஐடி தன்னோட பாடங்களை எல்லாருக்கும் இலவசமாத் தரப்போறதா 2001-லேயே அறிவிச்சாங்க. ஓபன் கோர்ஸ்வேர்னு பேரு. இன்னைக்கு 2500-க்கும் மேல பாடங்கள் இருக்கு. பதிவு பண்ண வேண்டாம், ஓடிபி கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஸ்ட்ராங்கோட அந்த வீடியோக்கள் 1999-ல எடுத்தது. கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். 2023 மே மாசம், 88 வயசுல, தன்னோட கடைசி வகுப்பை எடுத்துட்டு ஓய்வு பெற்றார் மனுஷன்.

முதல் வகுப்புல ரெண்டே ரெண்டு சமன்பாடு போடுவார். 2x - y = 0. -x + 2y = 3. நம்மை மாதிரி ஆளுங்க உடனே ஒண்ணை ரெண்டால பெருக்கிக் கூட்டிடுவோம். அவர் முதல்ல ரெண்டையும் கோடா வரைவார். வெட்டிக்கிற இடம் விடை. அதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்சதுதான். அப்புறம் அதையே நிமிர்த்திவைப்பார். (2, -1) ஒரு அம்பு, (-1, 2) இன்னொரு அம்பு. முதல் அம்பை எத்தனை தடவை, ரெண்டாவது அம்பை எத்தனை தடவை எடுத்துச் சேர்த்தா (0, 3)-க்குப் போய்ச் சேரலாம்? ஒரு தடவை, ரெண்டு தடவை. x = 1, y = 2. அதே விடை, ஆனா கேள்வியே வேற. பி.இ. முதல் வருஷம் எம்-1 பேப்பர்ல மேட்ரிக்ஸ் ஒரு யூனிட் முழுக்கப் படிச்சேன், கேலி-ஹாமில்டன் தேற்றத்தைத் தூக்கத்துலகூட எழுதுவேன். இந்தக் கேள்வியை எனக்கு யாரும் கேட்டதில்லை. "இதெல்லாம் எதுக்கு சார்?"னு ஒருநாள் நான் கேட்டதுக்கு, "பதினாறு மார்க்குக்கு"ன்னு பதில் வந்துச்சு. பொய் சொல்லலை அவர்.

அந்த இன்டர்வியூவுக்கு அப்புறம் மறுபடி முதல் வகுப்புல இருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை நோட்டு, பேனா, சாதாரண வேகம். அவர் கேள்வி கேட்டதும் வீடியோவை நிறுத்திடணும். அந்த சைட்லேயே பிராப்ளம் செட்டும் விடையும் இருக்கு, முன்னாடி அதைத் திறந்துகூடப் பார்க்கலை. ஒரு வகுப்புக்கு மூணு நாள் ஆச்சு.

இன்னொரு வேலையும் பண்ணினேன். ரூம்மேட் ஒருத்தன், பி.காம். யேல் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஷில்லர் நடத்தின நிதிச் சந்தைகள் பாடம் ஓபன் யேல்ல இலவசமா இருக்கு. அதை அவன் ஆரம்பிச்சு மூணாவது வகுப்போட நின்னிருந்தான். ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தருக்கொருத்தர் அந்த வாரம் படிச்சதைச் சொல்லணும்னு ஒப்பந்தம். சொல்லத் தெரியலைன்னா அன்னைக்கு பிரியாணி அவங்க செலவு. முதல் மாசம் முழுக்க என் காசுதான்.

21-ஆவது வகுப்பு ஐகன்வெக்டர். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்றேன்: மேட்ரிக்ஸ் எல்லா அம்பையும் திருப்பிவிடும், சிலது மட்டும் அதே கோட்டுல நின்னு நீளும், இல்லைன்னா சுருங்கும். அவன் கேட்டான், "பரோட்டா மாவை ஒரு பக்கமா இழுக்கும்போது, இழுக்கிற திசையில போட்ட கோடு திரும்பாம நீளும், சாய்வாப் போட்ட கோடு திரும்பிக்கும். அதானே?" அதேதான்டா. அந்த இன்டர்வியூல இவனை அனுப்பியிருக்கலாம்.

அதனால எங்கே படிக்கலாம்ங்கிறதுக்கு என் பதில் கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது. கெடு இல்லாம படிக்க முடியாத ஆளா இருந்தா என்பிடெல் போங்க. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துறது. இன்ஜினியரிங் மட்டும்னு நினைக்காதீங்க. பொருளாதாரம், தத்துவம், இலக்கியம் எல்லாம் உண்டு. படிக்கிறது இலவசம், வாராவாரம் அசைன்மென்ட் வரும். சான்றிதழ் வேணும்னாதான் பணம் கட்டி சென்டருக்கு நேர்ல போய்ப் பரீட்சை எழுதணும். நான் கட்டினது 1000 ரூபாய். அந்த ஆயிரம் என்னை எழுப்பின மாதிரி எந்த அலாரமும் எழுப்பினதில்லை.

மார்க், பரீட்சை எதுவுமே வேண்டாம், சும்மா கேட்கணும்னா, அதே ஓபன் யேல்ல ஷெல்லி கேகன் மரணத்தைப் பத்தி நடத்தின தத்துவ வகுப்பு இருக்கு. மேஜை மேல சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவார். அதைத் தோசையோட பார்க்கலாம், தப்பில்லை.

அந்த வேலை கிடைச்சுதான்னு கேட்பீங்க. அது கிடைக்கலை, ஒரு வருஷம் கழிச்சு வேற இடத்துல கிடைச்சுது. அங்க யாரும் ஐகன்வெக்டரைப் பத்திக் கேட்கவே இல்லை, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். ரூம்மேட் இப்போ ஷில்லரை முடிச்சுட்டு என்னோட லீனியர் அல்ஜீப்ராவை ஆரம்பிச்சிருக்கான். வர ஞாயித்துக்கிழமை அவன் முறை. பிரியாணி யார் செலவுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.