படைக்கல உரிமம் யாருக்கு?
இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் இங்கே கூடியிருக்கிறோம். அவர் பிறந்த கோழியாளம் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிறது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. நூறு ஆண்டு கழிந்தும் அதே சாலையில் செருப்புப் போட்டு நடக்கச் சண்டையிட வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. தாளில் உள்ள உரிமைக்கும் தெருவில் உள்ள உரிமைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் இன்றைய பேச்சும்.

2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில், தாம் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் வழக்கறிஞர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் அவர். அந்த வாரம் நாங்கள் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, நாமும் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் என்ன?" என்றார். அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை அந்த மாணவருக்கான பதில்.

அந்தக் கேள்வி சட்டத்துக்குப் புறம்பானது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கும் என்று அஞ்சத்தக்க பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே, தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் படைக்கல உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அடுத்த உட்பிரிவு, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவை என்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்கிறது. உனா கொடுமைக்குப் பிறகு குஜராத்தில் எழுந்த உரிமக் கோரிக்கைக்கு இந்த விதிதான் ஆதாரம்.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் வெறும் சட்டம் ஒழுங்குக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. சாதி ஒழிப்பு பற்றி 1936இல் எழுதியபோது, இந்தியாவில் சமூகப் புரட்சி ஏன் நிகழவில்லை என்று கேட்ட அம்பேத்கர், ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டதைக் காரணங்களாகச் சொன்னார். லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய படைக்கலச் சட்டம் வந்தது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உடைமையாளர்களுக்கும் இருந்த விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது. 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். பிறப்பாலும் நிலத்தாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் தகுதி ஒரு குடியரசில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தத் தகுதி என்ன செய்யும் என்பதற்கு வெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு நிலக்கிழார்களின் கூட்டம் துப்பாக்கிகளோடு வந்தது. குண்டுக்குத் தப்பி ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களைப் பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்தது. பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 அன்று ரன்வீர் சேனை 58 பேரைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டனை பெற்ற அனைவரையும் விடுதலை செய்தது. ஆதிக்கத்தின் கையில் உள்ள ஆயுதத்தைப் பிடுங்கு என்று மூன்றாவது விதி முதலில் சொல்வது இதனால்தான். நமக்கு உரிமம் கொடு என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நம் கோரிக்கையிலும் அந்த வரிசை மாறக் கூடாது.

இனி, துப்பாக்கி நம்மைக் காக்குமா என்ற கேள்வி. ஆம்ஸ்ட்ராங்கிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்ததை ஜூன் மாதமே அவர் திரும்பப் பெற்றுவிட்டார் என்று காவல்துறையே சொன்னது. அந்தத் துப்பாக்கி அவரைக் காப்பாற்றவில்லை. உணவு விநியோக ஊழியர் உடையில் அரிவாளோடு வருபவர்கள் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். தாக்கப்படுபவருக்குக் கிடைப்பது சில நொடிகள்.

குற்றப் புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது. 2016 முடிவில் நாடு முழுக்க இருந்த சுமார் 33.69 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. தமிழ்நாட்டில் உரிமங்கள் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் நாட்டின் கொலை விகிதம் லட்சம் பேருக்கு 2.1 என்றால், தமிழ்நாட்டின் விகிதமும் அதை ஒட்டியே இருக்கிறது. துப்பாக்கி குறைவு என்பதால் இங்கே கொலை குறையவில்லை; அந்த வேலையை அரிவாள் செய்கிறது. 2024 பிப்ரவரியில் நம் பள்ளிக்கரணையில், சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் ஒருவரைக் கொன்றதும் அரிவாள்தான். சில வாரங்களில் அவர் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இணையருக்குத் தேவைப்பட்டது துப்பாக்கியா? மிரட்டல் வந்த அன்றே புகாரைப் பதிந்து காவல் கொடுக்கும் ஒரு நிலையம் போதுமானதாக இருந்திருக்கும்.

துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் பேசுவோம். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் அடுக்குமாடிகளில் ஒரே அறைக்குள் குடும்பம் முழுதும் படுத்து எழும் வீடுகளை நாம் அறிவோம். அங்கே ஒரு துப்பாக்கியை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது? குடியும் கடனும் மன அழுத்தமும் உள்ள வீட்டில் முதல் குண்டு யார் மீது பாயும்?

அதே அமெரிக்காவில் இன்னொரு பாடமும் உண்டு. 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு தெருவில் இறங்கியதும் 1967இல் கலிபோர்னியா அவசரமாகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அதிகாரியின் விருப்பத்தில் விடப்பட்ட உரிமம் ஒடுக்கப்பட்டவனின் வாசலில் வந்து நின்றுவிடும்.

இங்கும் அப்படித்தான். தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. ஆணையரகப் பகுதியில் உரிமம் தரும் அதிகாரம் ஆணையருக்கு. விண்ணப்பித்தால் காவல் நிலையத்தின் அறிக்கை போகும். அம்பேத்கர் சிலைக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும் குடிசை இடிப்புக்கு எதிராகவும் மறியல் செய்தவர்கள் மீது போட்ட வழக்கெல்லாம் அந்த அறிக்கையில் ஏறும். போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து உரிமத்தை மறுக்கக் கூடாது என்று படைக்கலச் சட்டத்தின் 14ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மேல்முறையீட்டுக்கு 18ஆவது பிரிவு உண்டு. நம் வழக்கறிஞர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நமக்குள் பேசியாக வேண்டும். நம் புறநகரில் துப்பாக்கி வெடித்தால் அது பெரும்பாலும் காவல்துறையின் துப்பாக்கி. 2023 ஆகஸ்ட் 1 அன்று கூடுவாஞ்சேரி அருகே இருவர், 2024 செப்டம்பரில் நீலாங்கரை பக்கம் ஒருவர். ஆம்ஸ்ட்ராங் கொலையில் கைதான ஒருவரும் காவலில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நம்மில் சிலர் அதற்கு இனிப்புக் கொடுக்கும் மனநிலையில் இருந்தோம். அது தவறு. செத்தவனிடம் யார் ஏவினார்கள் என்று யாரும் கேட்க முடியாது. பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வந்தவர்களைச் சுட்டதும் அதே காவல்துறைத் துப்பாக்கிதான். மோதல் சாவு ஒவ்வொன்றிலும் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பை, செத்தவர் யாராக இருந்தாலும், நாம் கோர வேண்டும்.

ஆகவே அந்த மாணவருக்கு எங்கள் பதில் இது. தம்பி, உண்மையான மிரட்டல் உள்ள ஒருவர் உரிமம் கேட்டால் நாங்கள் அவர் கூட நிற்போம். அது அவருடைய உரிமை. அதை இயக்கத்தின் பாதையாக்க மாட்டோம். அரசு செய்ய வேண்டிய பாதுகாப்பை, லட்ச ரூபாய் புரட்டக்கூடிய சிலர் தனித்தனியே விலைக்கு வாங்கிக்கொள்ளும் பொருளாக ஆக்கிவிட்டால், கூலிவேலைக்குப் போகும் அக்காவும் துப்புரவுப் பணிக்குப் போகும் அண்ணனும் யாரை நம்புவது?

செய்ய வேண்டிய வேலை கையருகே இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் செங்கல்பட்டு ஆட்சியரகத்துக்கும் தாம்பரம் ஆணையரகத்துக்கும் நான்கு கேள்விகள் அனுப்புவோம். மூன்றாவது விதிப்படி அடையாளம் கண்ட பகுதிகள் எவை? அங்கே ரத்து செய்த உரிமங்கள் எத்தனை? பட்டியல் சாதியினர் விண்ணப்பித்தவை, கொடுத்தவை, மறுத்தவை எத்தனை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடிய தேதி எது? கூடவே, 2015 திருத்தம் தந்த 15ஏ பிரிவின்படி பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்டு ஒவ்வொரு வழக்கிலும் மனுப் போடுவோம்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மனுப் படிவங்கள் அங்கே இருக்கின்றன. போகும்போது ஒன்றை எடுத்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படிப்போம்.

ஜெய்பீம்.