பசளை மானியமும் பயிரின் காலமும்



வவுனியா மாவட்டத்துப் பூவரசங்குளத்திலே மாரி மழையை நம்பிக் காலபோக நெல் விதைக்கும் கமக்காரருக்குப் பசளை மானியம் பேருதவியாகும். 1962ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கிய இம்மானியம், முன்னர் மலிவு விலைப் பசளை மூடையாகவும், பின்னர் பணமாகவும் வழங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல் விளைச்சல் பெரிதும் குன்றியது. 2024ஆம் ஆண்டுக் காலபோகத்துக்கு, ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாயிருந்த உதவித்தொகை 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

தொகை உயர்ந்தமை நன்றே. ஆயினும் பயிர் காத்திருக்குமா? விதைத்து இரண்டு வாரமளவில் முதல் யூரியாவை இடவேண்டும். அதற்குப் பிந்தி வங்கிக்கு வரும் பணம், கடனுக்குப் பசளை வாங்கியவரின் வட்டிக்கே போய்ச் சேரும். ஆதலின், விதைப்புக்கு முன்னரே மானியம் கமக்காரர் கையை அடைதல் வேண்டும். காலத்தே வரும் உதவியே கதிராக விளையும்.