பட்டமளிப்போடு முடிகிறதா பல்கலைக்கழகத்தின் கடமை?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பாராட்டுரை வழங்குவது மரபு. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் விடுதியில் இடமும் பெற்றுத் தந்தது என்பதை எனக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். அதனை மீண்டும் கூற நான் முற்படவில்லை. நாம் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்விட்ட பிள்ளைகள், பட்டம் பெற்று அதே வாசல் வழியாக வெளியே வரும்போது என்ன ஆகிறார்கள், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் பகுதிக்கென்று சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் ஆளுகையில் உள்ளன. சேலம் அரசு கலைக் கல்லூரி, நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில்தான் நம் பிள்ளைகளில் மிகப் பலர் படிக்கின்றனர். 2021ஆம் ஆண்டு தேசிய மதிப்பீட்டுக் குழு இப்பல்கலைக்கழகத்திற்கு ஏ பிளஸ் பிளஸ் என்னும் உயர்தகுதி அளித்தது. மகிழ்ச்சியே. ஆயினும், பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து நின்ற பிள்ளைகள் இரண்டாண்டுகள் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், துறை வாரியாக, வகுப்பு வாரியாகத் திறந்து காட்டும் பேரேடு நம் மக்களின் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

'பல்கலைக்கழகம் அறிவை வழங்கும் இடம். அது வேலைவாய்ப்பு அலுவலகம் அன்று' என்று கற்றறிந்தோர் சிலர் கூறுவர். இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். தமிழிலக்கியம் படித்தவனுக்கும் வரலாறு படித்தவளுக்கும் அக்கல்வியே ஒரு செல்வம். ஆனால் இவ்வாதத்தைச் சொல்லுகிறவர்களின் பிள்ளைகளுக்கு வேலை தேடித்தர வேறு வழிகள் உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் சமவெளியின் தொழில்களைப் பாருங்கள். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், சங்ககிரியின் லாரிகள், இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்பட்டுச் செல்லும் திருச்செங்கோட்டு வண்டிகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், சேலத்துச் சேகோ ஆலைகள், இவை யாவும் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். கணக்கரும் மேலாளரும் உறவின் முறையிலிருந்தே வருகிறார்கள். மாமன் வண்டி வைத்திருப்பான், சித்தப்பன் பண்ணை வைத்திருப்பான். பட்டம் பெற்ற பையன் போய் உட்கார ஒரு நாற்காலி அங்கே காத்திருக்கும். நம் பிள்ளைக்கு அந்தத் தொழில்களில் காத்திருப்பது பெரும்பாலும் சுமை ஏற்றும் இடமும் தறிக்குழியும்தாம். வெளியுலகில் நம் பிள்ளைக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் கல்லூரி ஆசிரியர் மட்டுமே.

எந்தப் போட்டித் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும், நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருபவர் அவர். அவன் வெளியேறி மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்து நற்சான்று கேட்டால், 'இவனை எனக்குத் தெரியும்' என்று எழுதித்தர வேண்டியவரும் அவரே. அந்த ஆசிரியர் அங்கே இருக்க வேண்டுமல்லவா?

தமிழகத்து அரசு கலைக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள் என்னும் பெயரில் பணிபுரிந்து வந்துள்ளனர். பெயரில் கௌரவம் இருக்கிறது. 2023-24 கல்வியாண்டில் அவர்களுடைய தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதத்திற்கே. கோடை விடுமுறை மாதத்தில் அவர்களுக்குப் பசி எடுக்காது என்பது அரசின் கணக்குப் போலும்! பல்கலைக்கழக மானியக் குழுவோ, 2019ஆம் ஆண்டிலேயே வருகைதரு ஆசிரியர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாமென்று அறிவித்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருத்தலாகாது என்று அக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. விதி ஒரு பக்கம் இருக்க, கல்லூரி மறுபக்கம் நடக்கிறது.

நிரந்தர நியமனத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 2,300க்கும் மேற்பட்டவற்றை நிரப்ப 2019ஆம் ஆண்டு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்புச் செய்தது, அது நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மீண்டும் அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளி வைக்கப்பட்டது. இதற்கிடையில், 2013ஆம் ஆண்டு அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மிகை ஆசிரியர்கள் பல அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றி அனுப்பப்பட்டனர். வந்தவர்க்கும் அங்கே பல்லாண்டு உழைத்த கௌரவ விரிவுரையாளர்க்கும் இடையே மனத்தாங்கல். நீண்ட காலம் பணிபுரிந்தோர் 'எங்களை நிரந்தரமாக்குங்கள்' என்று கேட்கிறார்கள். வெளியே காத்திருக்கும் தகுதியுடையோர் 'தேர்வு நடத்தி இட ஒதுக்கீட்டு முறைப்படி நியமியுங்கள்' என்று கேட்கிறார்கள். இரு சாராரிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆதலால் ஒரு பக்கம் நின்று கைதட்டுவது நமக்கு எளிதன்று. எனினும் என் கருத்தை மறைக்க மாட்டேன். நியமனம் தேர்வின் வழியாகவும் இனச்சுழற்சியின் வழியாகவுமே நடைபெற வேண்டும். ஏனெனில் ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காடும், அதனுள் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அருந்ததியர்க்குத் தந்த 3 விழுக்காடும், பழங்குடியினர்க்குரிய 1 விழுக்காடும் அவ்வழியில்தான் முழுமையாகக் கைக்கு வரும். அதே வேளையில், பத்தாண்டு பாடம் சொன்னவரின் அனுபவத்திற்குரிய மதிப்பெண்ணைக் குறைவின்றித் தந்தாக வேண்டும். தேர்வையே நடத்தாமல் இரு சாராரையும் மோதவிட்டுக் காலம் கடத்துவதுதான் பெருங்குற்றம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தக் கௌரவ விரிவுரையாளர் யார்? பெரும்பாலும் இதே பல்கலைக்கழகங்களில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர். பல்கலைக்கழகம் தந்த மிக உயர்ந்த பட்டத்தைக் கையில் வைத்திருப்பவர். பட்டதாரிகளின் எதிர்காலம் என்ன என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கும்போது, அது தொலைவில் சென்று தேட வேண்டியதில்லை. தன் ஆசிரியர் அறையை எட்டிப் பார்த்தாலே போதும். ஆசிரியரின் பணிப் பாதுகாப்பு வேறு வழக்கு, மாணவரின் வேலைவாய்ப்பு வேறு வழக்கு என்று பிரித்துப் பேசுவோரிடம் நான் மாறுபடுவது இதனால்தான்.

பொறியியல் கல்லூரிகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. நம் இரு மாவட்டங்களிலும் சாலையின் இருமருங்கும் சுயநிதிக் கல்லூரிகள் எழுந்து நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். 2012ஆம் ஆண்டு தமிழக அரசு பிறப்பித்த ஆணைப்படி, தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் கீழ் அரசே ஏற்றது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகள் அவ்வாணையால்தான் பொறியியல் வகுப்பின் பலகையில் முதன்முதலாக உட்கார்ந்தார்கள். அது பெரும் நன்மை, ஐயமில்லை. பின்னாளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கு அவ்வுதவி நிறுத்தப்பட்டபோது பலர் இடையில் தவித்ததையும் நாம் கண்டோம்.

ஆனால் அந்தப் பணம் எதற்காகத் தரப்பட்டது? ஆசிரியர் கற்பிப்பதற்காக. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தனர். இதில் தொடர்புடைய கல்லூரிகள் 224. ஒருவரே பத்துக் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்ததாகவும் ஏட்டில் இருந்தது. புராணத்தில்தான் ஒருவர் ஒரே நேரத்தில் பல இடங்களில் தோன்றுவார் என்று நினைத்திருந்தோம்! இணைப்பு வழங்கும் பல்கலைக்கழகம் நேரில் ஆய்வு செய்தே அனுமதி தருகிறது என்பதுதான் முறை. அந்த ஆய்வு எவ்வாறு நடந்தது என்பதற்கு விளக்கம் வேண்டாமா? எல்லாக் கல்லூரிகளையும் நான் குறை சொல்லவில்லை. ஆயினும், நேரில் இல்லாத ஆசிரியரிடம் படித்த பொறியாளன் வளாகத் தேர்வில் தோற்றுப்போய், கடைசியில் பின்னலாடை நிறுவனத்தில் கணக்கெழுதப் போகும்போது, 'பையனுக்குத் திறமை போதவில்லை' என்று ஊர் சொல்லுகிறது. பழி அவன்மேல் விழுகிறது.

கட்டண பாக்கி என்று சொல்லி மாணவனின் மூலச் சான்றிதழைப் பூட்டி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பணியில் சேரும் ஆசிரியரின் மூலச் சான்றிதழ்களையும் அவ்வாறே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வேறிடம் போய்விடக் கூடாதென்று. ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஆசிரியரின் பட்டமும் மாணவரின் பட்டமும் சேர்ந்து கிடக்கின்றன. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கலாகாது என்று மானியக் குழு 2018ஆம் ஆண்டே அறிவித்துவிட்டது. நம் பெற்றோர் பலர் இதனை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிப் பட்டத்தை மீட்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே இதற்கு ஒரு சான்று. 1913இல் பரோடா அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றபோது, திரும்பி வந்து பத்தாண்டு அவ்வரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதாவது, படிப்பும் வேலையும் சேர்த்தே உறுதி செய்யப்பட்டிருந்தன. 1917இல் பரோடாவுக்கு வந்தார். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் திரும்பினார். 1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார்; அதுவும் தற்காலிகப் பணி. ஆசிரியர்களுக்கென வைத்திருந்த குடத்தில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு உடன் பணிபுரிந்தோர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். கொலம்பியாவில் படித்தவர்க்கே அந்நிலை. வேலை தருவது மட்டும் பொறுப்பாகாது. அங்கே மதிப்போடு நிலைத்திருக்கச் செய்வதும் பொறுப்பே என்பதை அந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பட்டம் பெற்றுப் பதினைந்து மாதம் சென்றபின் ஒவ்வொரு பட்டதாரியையும் தேடி விசாரிக்கிறார்கள். முழுநேர இளநிலைப் பட்டதாரிகளில் நூற்றுக்கு 60 பேராவது தகுதிக்கேற்ற பணியிலோ மேற்படிப்பிலோ இருக்க வேண்டுமென்று 2022இல் அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு வரையறை செய்தது. நம் நாட்டிலும் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வெளிவருகிறது. வேலை பெற்றோர் எண்ணிக்கை அதில் கேட்கப்படுகிறது. ஆனால் அதனைக் கல்லூரி தானே எழுதித் தருகிறது.

அயல்நாட்டு முறையை அப்படியே இங்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் நமக்கு ஓர் ஆபத்து உண்டு. விழுக்காடு குறைந்தால் தண்டனை என்று ஆணையிட்டால், கல்லூரி என்ன செய்யும்? வேலை கிடைப்பது கடினம் என்று தோன்றும் பிள்ளையைச் சேர்க்கவே தயங்கும். தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பையனும் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். தமிழ்த் துறையையும் வரலாற்றுத் துறையையும் மூடிவிடுவார்கள். ஆகவே கணக்கு வேண்டும். ஆனால் அக்கணக்கு வகுப்பு வாரியாகவும், முதல் தலைமுறைப் பட்டதாரி யார் என்பது தெரியும்படியாகவும் இருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே, அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், தொகுப்பூதியத்தார் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்பதும் எழுதப்பட வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் பார்த்தால்தான் குறை மாணவனிடமா, அவனை அனுப்பிய இடத்திலா என்பது விளங்கும்.

இக்கோரிக்கையைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கும் உயர்கல்வித் துறைக்கும் விண்ணப்பமாக அனுப்ப வேண்டுமென்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கணக்கெடுக்கும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் உதவி பெற்றுப் படித்தவர்களின் பெயர்கள் நம் பழைய ரசீதுப் புத்தகங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் இருவர் பொறுப்பேற்று, அவர்கள் என்ன படித்தார்கள், எங்கே பணியில் இருக்கிறார்கள், பணி நிரந்தரமா தற்காலிகமா, சான்றிதழ் கையில் உள்ளதா, துறையில் எத்தனை ஆசிரியர் முறையாகப் பாடம் நடத்தினர் என்று கேட்டு எழுதி வாருங்கள். வேலையின்றி வீட்டில் இருப்பவர் பெயரை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்; அப்பெயர்களே நமக்கு முதன்மையானவை. பொங்கலுக்குள் ஏடு முடிந்தால், அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் விண்ணப்பத்தோடு அதனை இணைத்துவிடலாம். பொறுப்பேற்க விரும்பும் இளைஞர்கள் இவ்வமர்வு முடிந்ததும் செயலாளரிடம் தம் பெயரைத் தந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.