பெயர் ஒன்று, இசைப்போர் பலர்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய நம் ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் பதப்படுத்தினர். பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பெற்றது. அதன்பின் குரோமிய உப்பு வந்தது. பதனிடும் பொருள் மாறிற்று. தலைமுறைதோறும் தொழிலாளரும் மாறினர். 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இத்தனைக்கும் பின்னர் ஆம்பூர்த் தோல் ஆம்பூர்த் தோலாகவே வழங்கி வருகிறது. உள்ளிருப்பன எல்லாம் மாறிய பின்னும் ஒன்றைப் பழைய பெயரால் அழைப்பது பொருந்துமா? இவ்வினாவை இன்று ஓர் இசைக்குழுவின் வரலாற்றில் வைத்து ஆராய விரும்புகிறேன்.

நம் கச்சேரி மேடையில் பாடகரே தலைவர். பக்கவாத்தியம் வாசிப்போர் கச்சேரிக்குக் கச்சேரி மாறினாலும் அவருடைய பெயருக்குக் குறைவில்லை. ராக் இசைக்குழுவிலோ நிலைமை வேறு. கிட்டார் வாசிப்பவர், டிரம்ஸ் முழக்குபவர், பாடுபவர் ஆகிய அனைவரும் பெரும்பாலும் கூடியிருந்தே பாட்டை உருவாக்குவர். பெயரும் குழுவுக்கே உரியது. ஆகவே ஒருவர் விலகினாலும் குழுவின் ஓசையே வேறுபட்டுவிடும்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற இரு குழுக்கள் இதனை இருவகையில் எதிர்கொண்டன. 1962-இல் ரிங்கோ ஸ்டார் சேர்ந்த பின் பீட்டில்ஸ் குழுவின் நால்வரும் மாறவேயில்லை. 1970-இல் அவர்கள் பிரிந்தபோது குழுவும் முடிந்தது. அதே 1962-இல் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிலிருந்து பிரையன் ஜோன்ஸ் 1969-இல் விலகினார். சார்லி வாட்ஸ் 2021-இல் மறைந்தார். ஆயினும் அக்குழு 2023-இல் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது.

நம் நாட்டில் இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது டில்லியில் 1990-இல் தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ என்னும் குழு. இதனைத் தொடங்கியவர் இருவர். சுஷ்மித் சென் கிட்டார் வாசித்தார். அஷீம் சக்கரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடும் அரிய ஆற்றல் படைத்தவர். 1991-இல் பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராம் வந்து சேர்ந்தார். குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு 1993-இல் வெளிவந்தது. 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலம் வந்தார். அன்று அமைந்த நால்வர் அணி பதினைந்து ஆண்டுகள் குலையாமல் நின்றது.

அந்நால்வரின் ஆக்கங்களை வரிசையாகக் காண்போம். 1997-இல் ‘டெசர்ட் ரெயின்’ வெளிவந்தது. இது மக்கள் முன்னிலையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. 2000-இல் வந்த ‘கந்தீசா’ அவர்களுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. அதன் தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலிலிருந்து பிறந்தது. அதே தொகுப்பிலுள்ள ‘மா ரேவா’ நருமதை ஆற்றைப் போற்றும் நாட்டுப்பாடல். ராகுல் ராம் நருமதைப் பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றியவர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் 2003-இல் ‘ஜீனி’ வெளிவந்தது. அதனை அடுத்து ‘பிளாக் பிரைடே’ என்னும் திரைப்படத்துக்கும் இசையமைத்தனர்.

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அஷீம் மறைந்தார். அவர் குரல் இடம்பெற்ற ‘16/330 கஜூர் ரோடு’ என்னும் தொகுப்பு மறு ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் நெடுங்காலம் பயிற்சி செய்த வீட்டின் முகவரியே அதன் பெயர். அதன் பாடல்களை ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாகவே வழங்கினர். அஷீம் ஒருவர் ஆற்றிய பணிக்கு இருவர் தேவைப்பட்டனர்: பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்கரவர்த்தி. 2013-இல் சுஷ்மித் சென்னும் விலக, நிகில் ராவ் கிட்டார் ஏந்தினார். இவ்வாறு தொடங்கிய இருவருமே இல்லாத குழு ஒன்று அதே பெயருடன் மேடையேறிற்று.

பழைய நால்வரின் இசையே இந்தியன் ஓஷன் என்று வாதிடுவோர் உளர். சுஷ்மித்தின் கிட்டாரைக் கேட்டுப் பழகிய செவி அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆனால் பெயரை வைத்துக்கொண்டு பழம்பாட்டுகளை மட்டுமே பாடிப் பிழைக்கும் எளிய வழியைப் புதிய அணி மேற்கொள்ளவில்லை. 2014-இல் ‘தந்தானு’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதில் வெளியார் பலரை உடன் வாசிக்க அழைத்தனர். அவர்களுள் நம் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் வயலின் கலைஞர் குமரேஷும் அடங்குவர். 2023-இல் ‘தூ ஹை’ வந்தது.

என் கருத்து இது: குழுவின் பெயர் முன்னோர் விட்டுச் சென்ற சொத்தன்று, பின்வந்தோர் ஒவ்வொரு தொகுப்பாலும் தீர்க்க வேண்டிய கடன். பட்டைநீர் மாறினாலும் தோல் உறுதியாக இருக்கும்வரை ஊரின் பெயர் நிற்கும். தோல் நைந்தால் பழம்பெருமை காப்பாற்றாது. இசைக்கும் அதுவே நியதி.

கல்லூரி விழாக்களுக்கென இசைக்குழு அமைக்கும் இளைஞர் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஆண்டுதோறும் மூத்தோர் படிப்பு முடித்துச் செல்வர்; புதியோர் வருவர். பாடலைப் பதிவு செய்யும்போது ஆண்டையும், வாசித்தோர் அனைவரின் பெயரையும் எழுதி வையுங்கள். யார் வந்தார், யார் சென்றார், எப்போது ஓசை மாறிற்று என்பதை அந்தக் குறிப்பே காட்டும். ‘டெசர்ட் ரெயின்’, ‘தந்தானு’ ஆகிய இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். பெயர் ஒன்றுதானா, இசையும் ஒன்றுதானா என்பதை உங்கள் செவியே தீர்ப்புக் கூறட்டும்.