வட்டி கேட்காத பணம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



'தொழில் வளர்ச்சியில் அரசின் பங்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'பங்கு' என்றால் ஷேர் என்றே எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த முகப்பேரை ஒட்டித்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் அரசு இடம் கொடுத்து, சாலை போட்டு உருவாக்கியது. கடன் தருவதற்கு 1949-லிருந்தே தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் நம்மில் பலருக்குப் பட்டறையும் இல்லை, வேலையும் இல்லை.

ஆனால் கடனுக்கென்று ஒரு குணம் உண்டு. சரக்கு விற்கிறதோ இல்லையோ, தவணைத் தேதி வந்துவிடும். என் வகுப்புத் தோழன் ஒருவன் மின்சார வண்டிக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்தான். சோதனை முடிந்து சான்றிதழ் கைக்கு வரவே ஒன்றரை வருஷம். அதற்குள் அம்மா பெயரில் இருந்த வீடு அடமானத்தில் போய்விட்டது. "சரக்கு நல்ல சரக்குதான்டா, நேரம்தான் கிடைக்கல" என்றான். பட்டறையை மூடிவிட்டு இப்போது சம்பளத்துக்குப் போகிறான்.

அவனுக்குத் தேவைப்பட்டது வட்டிப் பணம் அல்ல, பங்குப் பணம். ஜெயித்தால் லாபத்தில் பங்கு, தோற்றால் நஷ்டத்திலும் பங்கு. இதைத்தான் வென்ச்சர் கேப்பிட்டல், துணிகர முதலீடு என்கிறார்கள்.

அரசாங்கம் இதைச் செய்யுமா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. 1965-ல் தொடங்கிய டிட்கோ நிறுவனம், 1984-ல் டாடாவோடு சேர்ந்து ஓசூரில் ஒரு கடிகாரக் கம்பெனிக்குப் பங்கு போட்டது. அதுதான் டைட்டான். அன்றைக்கு ஓசூர் பின்தங்கிய பகுதி. சுற்றுவட்டாரத்துப் பையன்களையும் பெண்களையும் எடுத்துப் பழக்கினார்கள். 1987-ல் கடிகாரம் கடைக்கு வந்தது. டிட்கோ தன் பங்கை விற்றுவிடாமல் காத்திருந்தது. இன்றும் ஏறத்தாழ 28 சதவீதம் அதனிடம் இருக்கிறது, 24 கோடிக்கும் மேற்பட்ட ஷேர்கள். 2023-24-க்கு ஷேருக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே வருஷத்தில் 260 கோடிக்கு மேல்!

டிட்கோ பங்கு போட்ட எல்லாக் கம்பெனியும் டைட்டான் ஆகிவிடவில்லை. ஆகவும் வேண்டாம். பத்தில் ஒன்று தேறினால் மற்ற ஒன்பதுக்கும் சேர்த்து அது கொடுத்துவிடும்.

வேண்டியவனுக்குப் பணம் போய்விடாதா என்ற பயம் நியாயமானது. இஸ்ரேல் இதற்கு ஒரு வழி கண்டது. 1993-ல் 'யோஸ்மா' என்று 10 கோடி டாலரில் ஒரு திட்டம். பெரும்பகுதியைப் பத்து முதலீட்டு நிதிகளில் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அரசு 40 சதவீதம் வரைதான். மீதியைத் தனியார் போட வேண்டும், தேர்வும் அவர்களுடையது. ஐந்து வருஷத்துக்குள் அரசின் பங்கைத் தனியாரே வாங்கிக்கொள்ளலாம். பத்தில் எட்டு நிதிகள் அப்படி வாங்கின. சொந்தப் பணம் போட்டவன் கண்ணை மூடிக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்க மாட்டான் அல்லவா?

நம் மாநிலத்திலும் 'ஸ்டார்ட்அப் டிஎன்' வந்திருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று வட்டார மையங்கள் திறந்தார்கள். அதன் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் கொடுத்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ளும் முறையில் வந்தது. பெண்கள் நடத்தும் தொழிலுக்கும் கிராமத் தொழிலுக்கும் 15 லட்சம். நல்ல ஆரம்பம். ஆனால் மென்பொருள் எழுதுகிறவருக்கு அது ஒரு வருஷம் தாங்கும். மெஷின் வாங்கி, டை அடித்து, சான்றிதழ் வாங்க வேண்டிய நம் அம்பத்தூர்க்காரருக்கு அது முன்பணம்தான்.

அந்த இடைவெளியில்தான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. இங்கே டூல் ரூம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். பெரிய கம்பெனிகளில் கொள்முதல் பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். எந்த டிசைன் ஓடும், எது ஓடாது என்று எந்த அதிகாரியையும்விட உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரே ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுப்போம். ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுவோம். அரசு நிதியையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்வோம். முடிந்தவர்கள் முதல் ஆர்டரைக் கொடுங்கள். ஐந்து வருஷம் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருப்போம்.

தொழிற்பேட்டைக்கு அரசு இடம் கொடுத்தது. அடுத்த தலைமுறைக்கு நாம் நேரம் கொடுப்போம்.