வேர்வைக்கு யார் எசமான்?

(பெரக்கரை நாட்டில் மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாருங்க, அக்காமாருங்க பின்னால நிக்காம முன்னாடி வந்து உக்காருங்க. உங்க ஒடம்பைப் பத்தின பேச்சுதான் இது.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி வந்தேன். இறங்கி ஊருக்குள்ள நடக்கறதுக்குள்ள மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்கினேன். முன்னால ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும், தலையில விறகுக் கட்டோட ஏறிப் போச்சு. திரும்பிப் பாத்து, 'ஏன் தம்பி, ஒடம்புக்கு முடியலையா?'ன்னு கேட்டுச்சு. எனக்கு வயசு நாப்பத்தெட்டு.

நான் அடிவாரத்துச் சேரியில் பொறந்தவன். எங்கப்பா இந்த மலையிலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் தலைச்சுமையா எறக்கின ஆளு. நான் இருபது வருசம் நாமக்கல்லில் லாரி ஓட்டினேன். உக்காந்தே வயிறு வந்துச்சு, நாப்பத்தஞ்சுல சர்க்கரையும் வந்துச்சு. 'எடையைக் குறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க'ன்னார் டாக்டர். டவுனில் ஒரு ஜிம்முக்குப் போனேன்.

முதல்ல பணம். ஒரு வருசத்துக்கு மொத்தமா கட்டினா சலுகைன்னாங்க, கட்டினேன். அடுத்த கேள்வி, 'எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?' நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, முட்டி வலிக்குதான்னு மட்டும் யாரும் கேக்கல. சுத்தி கண்ணாடி. சுவரெல்லாம் இருபது வயசுப் பையனுங்க படம். முதல் நாளே டிரெட்மில்லில் ஏத்தி ஓட விட்டாங்க. மூணாவது வாரம் முட்டி வீங்கிப் போச்சு. நின்னுட்டேன். பணம் திரும்பி வரல.

இது என் ஒருத்தன் கதை இல்ல. கட்டிட்டு வராதவங்க பணத்துலயும் ஓடுற யாவாரம் இது. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதச் சந்தா கட்டினவர்கள் சராசரியாக மாதம் நாலஞ்சு தடவைதான் ஜிம்முக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் காசு கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

அந்த டிரெட்மில் என்ற பேருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக அமைத்த மிதிசக்கரத்தின் பேர் அது. ஜமைக்காவில் 1834-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், கறுப்பின உழைப்பாளிகளை, பெண்களையும் சேர்த்து, அதே சக்கரத்தில் ஏற்றித்தான் தண்டித்தார்கள்.

இப்ப நீங்க கேக்கலாம், 'உழைக்கிற சனத்துக்கு எதுக்கு உடற்பயிற்சி? காட்டு வேலையே போதாதா?' நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்கப்பா பத்து ஜிம்முக்குப் போதுமான வேர்வையைச் சிந்தினவர். அம்பது வயசுல அவருக்குக் கழுத்தும் போச்சு, முட்டியும் போச்சு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்து, 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைந்தது. வேலையில் கடுமையாக உடல் உழைத்தவர்களுக்கு அது கூடியது.

வேர்வை ஒண்ணுதான், ஆனா பலன் வேற. ஏன்? சுமை தூக்கறவன் நெனச்ச நேரத்துல நிறுத்த முடியாது. வலிச்சாலும் தூக்கணும். ராத்திரி ஓய்வு கிடையாது, தட்டுல சத்தான சோறு கிடையாது. தன் விருப்பத்தில் வேர்ப்பது பயிற்சி, இன்னொருத்தன் சொல்லி வேர்ப்பது தேய்மானம். அதனால அந்த அம்மாவைக் காட்டி 'பாருங்க மலைவாசி ஆரோக்கியத்தை'ன்னு சிலாகிக்கிறவங்களை நம்பாதீங்க. அவங்க அந்த விறகுக் கட்டைத் தொட்டுப் பாத்ததில்ல.

இங்கயும் நிலைமை மாறிப்போச்சு. சாமையும் கேழ்வரகும் வெளஞ்ச எடத்துல ஜவ்வரிசி ஆலைக்குப் போற மரவள்ளிக் கிழங்கு. சட்டியில அரிசிச் சோறு. நடந்த தூரத்துக்கு பைக். கீழ எனக்கு வந்தது மேலயும் ஏறி வரும்.

முப்பது தாண்டினா பத்து வருசத்துக்கு நூத்துல மூணுலேருந்து எட்டுப் பங்கு வரைக்கும் தசை கொறையும், அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. நாம தின்ன சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வெச்சுக்கறது தசைதான். வாரம் குறைஞ்சது 150 நிமிசம் வேக நடை, ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதுக்கு மிஷின் வேண்டாம். நாற்காலியில உக்காந்து கை ஊணாம எழுந்திரிங்க, பத்துத் தடவை. சுவத்துல கை ஊணித் தள்ளுங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க. நெஞ்சு வலிச்சா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க வெறும் வயித்துல செய்யாதீங்க. தொடங்கறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரையும் பிரஷரும் பாருங்க. 2021-இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வரணும். வரலேன்னா கேளுங்க.

கேக்க வேண்டியது இன்னும் இருக்கு. கிராமங்களுக்கு அம்மா உடற்பயிற்சிக் கூடம்னு 2016-இல் அறிவிச்சாங்க. கட்டின எடத்துல அது எந்தத் தெருவுல இருக்கு? சாவி யார் கையில? பொம்பளைங்க உள்ள போக முடியுதா? 2023-இல் எல்லா மாவட்டத்துக்கும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைன்னு வந்துச்சு. சேரிக்காரன், மலைக்காரன் நடக்க அதுல எடம் எங்கே? உடம்பு நம்முடையதுன்னா, அதுக்கு ஓய்வு கேக்கறதும், சத்தான சோறு கேக்கறதும், மைதானம் கேக்கறதும் நம்ம உரிமை. கூலியோட சேத்துக் கேக்க வேண்டிய உரிமை.

ரெண்டு நாள் இங்கதான் இருப்பேன். காலைல ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வாங்க. விறகுக் கட்டோட போன அம்மா, நீங்களும் வாங்க. ஆனா கட்டை எறக்கி வெச்சுட்டு வாங்க.